கடன் கொடுத்தவர் யார்?

கடன்பட்டவர் தலை குனிந்து நிற்பதும் கடன் கொடுத்தவர் நிபந்தனை விதிப்பதும் உலக வழக்கம். இலங்கை கடனால் வீழ்ந்தது என்றும், சர்வதேச நாணய நிதியம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது என்றும், ஆகவே நிதியம் விதிக்கும் நிபந்தனைகளை நாமெல்லோரும் நன்றியோடு ஏற்க வேண்டும் என்றும் கொழும்பிலிருந்து நமக்கு உபதேசம் நடக்கிறது. உபதேசம் செய்வோரிடம் நாம் ஒரு கணக்குக் கேட்கிறோம்.

2023 மார்ச் மாதத்தில் நிதியம் தர இணங்கிய கடன் ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலர். அதுவும் ஒரே நாளில் வருவதன்று. நான்கு ஆண்டுகளில், தவணை தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பரீட்சை வைத்து வருவது. பின்னர் வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டியது. அதே 2023 ஆம் ஆண்டில், பிறநாடுகளில் உழைக்கும் நம் நாட்டவர் தம் வீடுகளுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி டொலர். நான்கு ஆண்டுகளுக்கென நிதியம் பகிர்ந்து தருவதைப்போல் இரு மடங்கை நம் உழைப்பாளர் ஒரே ஆண்டில் அனுப்பினார்கள்! அதற்கு வட்டியில்லை, பரீட்சையில்லை, திருப்பிக் கேட்பாருமில்லை.

அங்ஙனமாயின் இந்நாட்டுக்கு உண்மையில் கைகொடுத்தவர் யார்? வாஷிங்டன் நகரத்து அதிகாரியா? றியாத்தில் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவும் நம் பெண்ணா? கடன் கொடுத்தோர் கூடிப் பேசிய மேசையைச் சுற்றி அரசாங்கங்கள் அமர்ந்தன, வங்கிகள் அமர்ந்தன, முறிகளை வாங்கி வைத்திருந்த முதலாளிகளின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. அவளுடைய பெயரைக்கூட எவரும் உச்சரிக்கவில்லை.

அபிவிருத்தி என்ற சொல்லின் உட்பொருள் இதுதான் என்று நாம் கூறுகிறோம். வெளியிலிருந்து வரும் கடனுக்கு ஈடாக வைக்கப்படுவது நிலமுமன்று, பொன்னுமன்று, ஏழையின் உழைப்பே. இது வெறும் ஆவேசப் பேச்சு என்று எண்ணுவோர் எம்முடன் மருதமுனைக்கு வரட்டும்.

மருதமுனைத் தறி

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரிய நீலாவணைக்கும் இடையே, கிழக்கில் கடலும் மேற்கில் வயல்வட்டைகளும் எல்லையாகக் கொண்டு கிடப்பது மருதமுனை. நெசவு இவ்வூரின் அடையாளம். வாப்பா தறியில் இருக்க, உம்மா நூல் சுற்ற, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கைகொடுக்க, ஒரு வீடே ஒரு தொழிற்சாலையாக இயங்கிய காலம் ஒன்று இருந்தது. மருதமுனைச் சாரமும் சேலையும் நாட்டின் பல சந்தைகளுக்கும் சென்றன. ஊரின் பள்ளிக்கூடங்களில் படித்து உத்தியோகம் பார்த்தவர்களில் பலர் அந்தத் தறியின் வருமானத்தில் கல்வி கற்றவர்களே.

அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் பொய் கூறமாட்டோம். நூற்பங்கீட்டில் செல்வாக்குள்ளவருக்கு ஒரு நீதியும் இல்லாதவருக்கு ஒரு நீதியுமாக இருந்தது. பங்கீட்டு நூலை வாங்கிக் கறுப்புச் சந்தையில் விற்றவரும் உண்டு. பிறருடைய தறியில் கூலிக்கு நெய்தவர் வறியவராகவே இருந்தார். ஆயினும், 1960 களிலும் 1970 களின் முற்பகுதியிலும் பிறநாட்டுத் துணியின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தமையால், நெய்த துணிக்குச் சந்தை இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக நூல் கிடைத்தது. உழைப்பவர் தம் ஊரிலேயே, தம் வீட்டிலேயே, தம் மக்கள் முகம் பார்த்து உழைத்தார். கூலி குறைந்தால் சங்கத்தில் எழுந்து கேட்க ஓர் இடமாவது இருந்தது.

1977 இல் திறந்த கதவு

1977 யூலையில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் பதவிக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கதவை அகலத் திறந்தது. ரூபாயின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டிலேயே கூப்பன் அரிசி மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு மட்டுமென்று வரையறுக்கப்பட்டது. 1979 இல் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, முத்திரையின் பெறுமதி எழுதிய இடத்திலேயே நின்றது. இவை அனைத்துக்கும் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் ஆசி வழங்கின, கடனும் வழங்கின. இதற்குப் பெயர் பொருளாதார அபிவிருத்தி!

திறந்த கதவு வழியாகப் பிறநாட்டு ஆலைத்துணி மலையாக வந்து குவிந்தது. மருதமுனைத் தறிக்கும் பிறநாட்டு ஆலைக்கும் போட்டி என்றார்கள். காலை இல்லாதவனையும் குதிரைக்காரனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டப் பந்தயம் வைத்தால் அதற்குப் போட்டி என்றா பெயர்? நூலின் விலை ஏறியது. சாயத்தின் விலை ஏறியது. துணியின் விலை மட்டும் இறங்கியது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பின்னர் வந்த யுத்தமும், சாலைகள் அடைபட்ட காலமும் எஞ்சியவற்றை வாட்டின. இன்றும் மருதமுனையில் தறியோசை முற்றாக அடங்கிவிடவில்லை. அதைக் காத்து நிற்பவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் ஊர் முழுவதற்கும் சோறு போட்ட தொழில் இன்று சிலருடைய தொழிலாகச் சுருங்கிவிட்டது.

தறிக்கு நேர்ந்ததே ஆலைக்கும் நேர்ந்தது. துல்கிரியவில் கிழக்கு ஜேர்மனியின் உதவியோடு ஒரு பெரிய நெசவாலை எழுந்தது. நூலும் துணியும் நாட்டுக்குள்ளேயே உண்டாக வேண்டும் என்பது அதன் நோக்கம். அது பின்னர் கொரிய முதலாளிகள் கைக்குச் சென்று, மூடப்பட்டு, இன்று ஏற்றுமதி ஆடைத் தொழிற்பேட்டையாக நிற்கிறது. நம் மக்கள் உடுக்கும் துணியை நெய்த இடத்தில் பிறநாட்டார் உடுக்கும் ஆடை தைக்கப்படுகிறது. துணி வெளியிலிருந்து வருகிறது. தைத்த ஆடை வெளியே போகிறது. நமக்கென்று எஞ்சுவது தையற்கூலி மட்டுமே.

அந்தக் கூலியை மலிவாக வைத்திருப்பதற்கும் ஏற்பாடு நடந்தது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. முதலாளிக்கு வரி விலக்கு என்ற சுதந்திரம். தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கச் சென்றால் வாசலிலேயே தடை என்ற சுதந்திரம். 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எழுதுவினைஞரும் புகையிரத ஊழியரும் ஆசிரியரும் அதில் அடங்குவர். உத்தியோகம் பார்ப்போர் இதனை மறக்கலாகாது. தறிகாரரின் வயிற்றில் அடித்த அதே கொள்கைதான் மூன்றாண்டுகளுக்குள் உத்தியோகத்தரின் வயிற்றிலும் அடித்தது.

சீருடைத் துணி

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. நல்ல காரியம். ஆனால் 2025 ஆம் ஆண்டுக்குரிய சீருடைத் துணி முழுவதும் சீன அரசாங்கத்தின் நன்கொடையாக வந்தது. கொடுத்தவரை நாம் நிந்திக்கவில்லை. நாட்டில் பணமில்லாத வேளையில் பிள்ளைகள் உடுத்திச் செல்ல அது உதவியது. ஆனால் தறிகாரன் பிள்ளை தருமத் துணி உடுத்திப் பள்ளிக்கூடம் போகும் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணியில் ஒரு பங்கையாவது மருதமுனைக்கும், நாட்டின் ஏனைய நெசவுக் கிராமங்களுக்கும் நெய்யக் கொடுத்திருந்தால், எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்? கேட்டுப் பெறுவதற்கு அமைச்சுகள் பல உண்டு. நெய்து கொடுக்க வழி செய்வதற்குத்தான் ஆளில்லை.

விமானம் ஏறிய குமர்கள்

தறி ஓய்ந்த வீட்டில் வயிறு ஓயாது. 1970 களில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் செல்வம் குவிந்தது. அங்கே வீடு கூட்டவும் பிள்ளை பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. இங்கே நூல் சுற்றிய கைகள் வேலையின்றி இருந்தன. 1985 இல் சட்டம் இயற்றி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் இருப்பதைப்போல மனித உழைப்பின் ஏற்றுமதிக்கும் ஓர் அரசாங்க நிறுவனம்! 1990 களில் அவ்வாறு வேலைக்குச் சென்றவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள்; அவர்களுள்ளும் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் இருந்து தாய்மாரும் குமர்ப்பிள்ளைகளும் விமானம் ஏறினர்.

அங்கே அவர்களுக்குள்ள உரிமை யாது? கஃபாலா என்னும் முறையின் கீழ், வேலைக்காரி வேலை கொடுப்பவரின் பொறுப்பில் இருப்பவள். அவர் சம்மதமின்றி வேறு வேலைக்கு மாறுவதும் நாடு திரும்புவதும் அரிதாகவே இருந்து வந்தன. அண்மைய ஆண்டுகளில் சில திருத்தங்கள் வந்தன என்கிறார்கள். அவற்றின் பயன் வீட்டுப் பணிப்பெண்ணின் சமையலறைக் கதவு வரை சென்று சேரவில்லை. சவூதி அரேபியாவின் 2005 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் பாதுகாப்பிலிருந்தே விலக்கி வைத்தது. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் பிறந்த மண்ணில், மாதக்கணக்காகச் சம்பளம் பெறாமல் திரும்பிய பெண்கள் எத்தனை பேர்! இதைச் சொல்வது மார்க்கத்துக்கு மாறான பேச்சன்று. சொல்லாமல் இருப்பதே மார்க்கத்துக்கு மாறு.

மூதூரின் றிசானா நபீக்கை இந்நாடு மறக்காது. வறிய வீட்டுப் பிள்ளை. 2005 இல் அனுப்பப்பட்டபோது வயது 17. கடவுச்சீட்டில் எழுதப்பட்டதோ 23. பழக்கமற்ற கைகளில் ஒரு கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது. மொழி தெரியாத ஊரில், முறையான சட்டத்துணையின்றி விசாரணை தொடங்கியது. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் துக்கம் தெரிவித்தார்கள். சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் வயது 25 க்குக் குறையலாகாது என்று விதி செய்தார்கள்.

அந்த விதி எவ்வளவு காலம் நின்றது? 2022 இல் டொலர் தீர்ந்து நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது, அதே வயதை 21 ஆகக் குறைக்க அமைச்சரவை இணங்கியது. அந்த இடைக்காலத்தில் சவூதியின் வீடுகள் பெண்களுக்குப் பாதுகாப்பான இடங்களாக மாறிவிட்டனவா? இல்லை, இங்கே திறைசேரி வெறுமையாயிற்று, அவ்வளவே. அவ்வாண்டில் வேலை தேடி வெளியேறியோர் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது உழைப்பு என்று நாம் கூறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வயலும் தப்பவில்லை

இது நெசவாளர் கதை, நமக்கென்ன என்று வேளாண்மை செய்வோர் இருந்துவிடலாகாது. அபிவிருத்தியை முதலில் கண்டவர்கள் அவர்களே. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணை கட்டியது. அந்த நீர் நம் கரையோர வயல்களுக்கும் பாய்ந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு நிலம், யாருக்கு முதல் நீர், யாருக்குக் கடைசி நீர் என்பவற்றைத் தீர்மானித்த இடத்தில் இப்பகுதியின் தமிழ் பேசும் விவசாயிக்குக் குரல் இருக்கவில்லை. 1956 யூனில் அதே கல்லோயாவில் தமிழர் வெட்டப்பட்டபோது, அத்திட்டத்தில் வேலை செய்து பிழைத்தவர்களே உயிரிழந்தார்கள். உழைப்பைத் தந்தவர்களுக்கு உயிருக்கும் உத்தரவாதம் இல்லாத அபிவிருத்தியை நாம் அன்றே கண்டோம்.

பின்னர் வந்தவை ஆலோசகர்களின் காலம். நெற்செய்கை இலாபமற்றது, மானியம் வீண்செலவு, நீருக்கு விலை வைக்கலாம், நிலத்தை விற்கும் சுதந்திரம் கொடுக்கலாம் என்று உலக வங்கியின் ஆலோசனைகள் வந்தன. 1990 இல் உர மானியம் முழுவதாக நீக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின், வாக்குக் கேட்க வேண்டிய காலம் வந்தபோதுதான் அது திரும்பியது. 1971 இல் தோன்றிய நெல் சந்தைப்படுத்தும் சபை 1990 களில் செயலிழந்து, 2008 இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அறுவடை நாளில் களத்துக்கு வந்தவர் யார்? உரத்துக்குக் கடன் கொடுத்த கடைக்காரரும், விலையைத் தாமே சொல்லும் ஆலைக்காரருமே.

வயலை ஈடு வைத்தவர் அதை மீட்டது எதனால்? வளைகுடாவில் இருக்கும் மகள் அனுப்பிய பணத்தால்! மருதமுனையிலும், சம்மாந்துறையிலும், நிந்தவூரிலும், காரைதீவிலும் கேட்டுப் பாருங்கள். வேளாண்மையின் நட்டத்தை நிரப்பியது வெளிநாட்டுக் கூலியாக இருந்த வீடுகள் எத்தனை என்று தெரியும். உலக வங்கி நீக்கச் சொன்ன மானியத்தைப் பணிப்பெண் தன் முதுகெலும்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடற்கோளும் கடன் புத்தகமும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. அம்பாறைக் கரை பட்ட அழிவை எழுத்தில் வடிக்க இயலாது. மருதமுனையில் உயிர்களோடு வீடுகளும் தறிகளும் போயின. அதிலிருந்து ஐந்தாம் நாள், டிசம்பர் 31 இல், உலகின் ஆடை வர்த்தகத்தில் ஏழை நாடுகளுக்கு ஒதுக்கீடு கொடுத்துவந்த ஒழுங்கும் முடிவடைந்தது. ஒரே வாரத்தில் கடலலை ஒன்றும் சந்தையலை ஒன்றும்! கடலலைக்கு உலகம் கண்ணீர் விட்டது. சந்தையலைக்குக் கண்ணீர் விட எவரும் இல்லை.

உதவி வந்தது. பிறநாட்டுச் சாமானிய மக்கள் மனமிரங்கித் தந்த பணம் அது. அவர்களுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால் உதவியோடு ஒரு கொள்கையும் வந்தது. 2005 ஐ ஐக்கிய நாடுகள் சபை நுண்கடன் ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. வறுமைக்கு மருந்து கடன் என்றார்கள். பெண்களுக்குக் கடன் கொடுத்தால் அவர்கள் தொழில் முனைவோர் ஆவார்கள் என்றார்கள். வீட்டுத் திண்ணையில் குழுக் கூட்டம், வாரந்தோறும் தவணை, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பிணை. தொழிலுக்குச் சந்தையில்லாத ஊரில் கடன் மட்டும் என்ன செய்யும்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அதை அடைக்க இன்னொன்று. யுத்தம் முடிந்த 2009 க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்நோய் பெருகியது. 2018 இல் அரசாங்கமே தலையிட்டு வரட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அக்கடனில் சிக்கிய பெண்ணுக்குக் கடைசியாகத் திறந்திருந்த வழி எது? மீண்டும் அந்த விமானந்தான்.

சேமலாப நிதியில் கை

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. எரிபொருள் வரிசையில் நாமும் நின்றோம். மின்வெட்டில் நாமும் இருந்தோம். அந்நியச் செலாவணி இன்றி நாடு இயங்காது என்பது நமக்குத் தெரியும். ஆதலால் எவரிடமும் கடன் வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கடனின் சுமை எவர் தலையில் ஏற்றப்பட்டது என்றே கேட்கிறோம்.

நிதியத்தின் திட்டத்துக்கு இசைய, 2023 யூலையில் உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்பட்டது. உள்நாட்டில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தோர் பலர். வங்கிகளும் அதில் அடக்கம். வங்கிகள் ஏற்கெனவே நலிந்துள்ளன என்று கூறி, அவற்றின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தொட்டது எதை? ஊழியர் சேமலாப நிதியை! 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும் முதலாளியிடமிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டும் மாதந்தோறும் சேர்ந்து வளர்ந்த நிதி அது. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை நூற்றுக்கு 12 வட்டியும் அதன்பின் 9 வட்டியும் தரும் புதிய முறிகளை ஏற்றுக்கொள். மறுத்தால் உன் வருமானத்துக்கு 14 வீதமாக உள்ள வரி 30 வீதமாகும் என்றார்கள். இது பேச்சுவார்த்தையா? வழிமறித்துக் கேட்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

இது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் சகோதரியின் பணம்; கட்டுநாயக்காவில் தைக்கும் பெண்ணின் பணம்; தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதும் நம் பட்டதாரியின் பணம். இப்பணத்துக்காக ஏற்கெனவே ஓர் உயிர் போயிருக்கிறது. 2011 மே மாதத்தில் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்காத் தொழிலாளர் கிளர்ந்தபோது, பொலிசார் சுட்டதில் ரொஷேன் சானக என்னும் இளைஞர் மாண்டார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. சிங்களத் தொழிலாளி சிந்திய அந்த இரத்தம் தமிழ் பேசும் தொழிலாளியின் சேமிப்பையும் சேர்த்தே காத்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 2023 இலோ, துப்பாக்கியும் வேண்டியிருக்கவில்லை, வரிச்சட்டமே போதுமாயிற்று.

இரண்டு மாநாடுகள்

1944 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு மாநாடுகள் நடந்தன. மே மாதத்தில் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேச தொழிலாளர் அமைப்பு, மனித உழைப்பு விற்பனைப் பண்டமன்று என்று பிரகடனம் செய்தது. யூலையில் பிறெட்டன்வூட்ஸில் கூடிய நாடுகள் சர்வதேச நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் வித்திட்டன. இரு மாதங்களுக்குள் பிறந்தவை இரண்டு. ஒன்றுக்குப் பிரகடனம் மட்டும் கிடைத்தது. மற்றதற்குப் பணப்பெட்டி கிடைத்தது. பணப்பெட்டி உள்ளவனின் சொல்லே சபையேறியது. நிதியத்தோடு இலங்கை செய்துகொண்ட ஒப்பந்தங்களில் 2023 ஆம் ஆண்டு ஒப்பந்தம் பதினேழாவது என்கிறார்கள். பதினாறு முறை மருந்து கொடுத்தும் நோயாளி பதினேழாவது முறையும் படுக்கையில் கிடந்தால், நோயாளியை மட்டும் நொந்து பயனென்ன? மருந்தையும் சற்றுச் சோதிக்க வேண்டாமா?

நம் வீட்டுக் குற்றம்

வெளியாரை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. கிழக்கிலங்கையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கல்யாணம் என்ற வழக்கம் தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெண் எங்கோ ஒரு சமையலறையில் நின்று கொண்டிருக்கிறாள். தங்கையின் சீதன வீட்டுக்காக அக்காள் போகிறாள். மகளின் வீட்டுக்காக உம்மா போகிறாள். அந்த வீட்டில் குடியேறும் மாப்பிள்ளை, அது எவர் கூலியில் எழுந்தது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? போகும்போது கைகொடுத்து அனுப்பிய ஊரே, திரும்பி வரும்போது அவளைப் பற்றிக் குசுகுசுக்கிறது. வயதைக் கூட்டி எழுதிக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் முகவர்கள் எங்கிருந்தோ வந்தவர்களல்லர், நம்மிடையே இருப்பவர்கள், பள்ளிவாசலிலும் கோயிலிலும் முதல் வரிசையில் நிற்பவர்கள். நம் வீட்டைக் கூட்டாமல் வாஷிங்டனைக் கூட்டப் புறப்படுவது வீரமன்று.

போகாவிட்டால் அவர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள், வளைகுடாப் பணத்தால்தானே ஓட்டு வீடும் பிள்ளையின் படிப்பும் வந்தன என்று சிலர் வாதிப்பார்கள். வந்தன, நாம் மறுக்கவில்லை. போகும் பெண்ணைத் தடுப்பதும் நம் நோக்கமன்று. உழைக்கப் போகும் உரிமை அவளுக்கு உண்டு. போகாமல் ஊரிலேயே உழைத்து மானத்தோடு வாழும் உரிமையும் அவளுக்கு உண்டு. முதலாவது உரிமையை மட்டும் கொடுத்து இரண்டாவதைப் பறித்துக்கொண்டவர்களோடுதான் நமக்கு வழக்கு.

நாம் கேட்பவை

முதலாவதாக, ஊழியர் சேமலாப நிதிக்கு நேரும் இழப்பை அரசாங்கம் ஈடு செய்ய வேண்டும். அந்நிதியின் நிர்வாகத்தில் அதன் உரிமையாளரான தொழிலாளரின் பிரதிநிதிகள் அமர வேண்டும்.

இரண்டாவதாக, வளைகுடா நாடுகளோடு செய்யப்படும் தொழில் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். வீட்டுப் பணியாளர் பற்றி 2011 இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189 ஆம் இலக்க உடன்படிக்கையின் பாதுகாப்புகள் அவற்றில் எழுதப்பட வேண்டும். வார ஓய்வு, உரிய நாளில் சம்பளம், கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை ஆகியவை பேரம் பேசி விட்டுக்கொடுக்கத் தக்கவை அல்ல.

மூன்றாவதாக, பாடசாலைச் சீருடைக்கும் வைத்தியசாலைப் படுக்கைக்கும் வேண்டிய துணியில் ஒரு நிலையான பங்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நூலும் சாயமும் அச்சங்கங்களுக்கு வரியின்றிக் கிடைக்க வேண்டும்.

நான்காவதாக, நெல்லுக்கு உத்தரவாத விலை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. அறுவடை நாளில், களத்தில், கையில் காசாகக் கிடைக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் சும்மா இருப்பதா? சட்டத்தரணிகளே, ஊருக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். வெளிநாடு செல்லும் பெண்ணின் ஒப்பந்தத்தை அவள் ஒப்பமிடுமுன் அவளுக்கு வாசித்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, பதினேழு வயதுப் பிள்ளை திடீரெனப் பள்ளிக்கூடம் வராவிட்டால் ஏனென்று வீடு தேடிச் சென்று கேளுங்கள். கணக்காளர்களே, நுண்கடன் புத்தகத்தைப் பிரித்து அதன் உண்மை வட்டி எத்தனை வீதமென்று கணக்கிட்டுக் காட்டுங்கள். வேளாண்மை செய்வோரே, தூங்கிக் கிடக்கும் உங்கள் கூட்டுறவுச் சங்கத்தைத் தட்டி எழுப்புங்கள். நெசவாளர் சங்கத்தோடு அதைச் சேர்த்து நிறுத்துங்கள். மருதமுனை தறிகாரரும், பாண்டிருப்புக் கூலித் தொழிலாளியும், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும், கட்டுநாயக்காத் தையற்காரியும் ஒரே கடன் புத்தகத்தின் நான்கு பக்கங்கள் என்பதை உணருங்கள்.

கடன் கொடுத்தவர் யார் என்று தொடக்கத்திலே கேட்டோம். விடை இப்போது தெளிவு. கடன் கொடுத்தவர்கள் நாமே. நம் பெண்களும், நம் தொழிலாளரும், நம் உழவரும். கடன் கொடுத்தவர்கள் கைகட்டி நிற்கும் வழக்கம் உலகில் எங்குமில்லை. கடன் கொடுத்தோர் மேசையில் நமக்குரிய நாற்காலியை நாம் கேட்போம். கொடுக்காவிட்டால், நின்றுகொண்டே நம் கணக்கை வாசிப்போம். வாசித்து முடியும்வரை எவரும் எழுந்து போக விடமாட்டோம்.